நாலு குரலுக்கு ஒரு சந்தைப் பட்டியல்

எழுதினது பெர்னபாஸ்.
பகலில் துறைமுகத்தில் சுங்கப் பத்திரம் நிரப்புகிறவர்,
வியாழன் பின்னேரங்களில் எங்கட பாஸ் குரல்.
பம்பலப்பிட்டியில் கடற்கரை றெயில் பாதைக்குப் பின்பக்கம்
முப்பது கதிரை, ஒரு கால் ஆடும் பியானோ.
"தாளில பாருங்கோ, குற்றமே இல்லை" என்றார்.
பார்த்தோம்:

        விடிய வேணும் சவர்க்காரம் ஒரு கட்டி
        லில்லிப் பூ நாலு பிடி
        இரண்டு பேருக்குக் காணும் பாண்
        கடை திறப்பம் விடிய

அவ்வளவுதான்.
ஒருத்தர் தொடங்க, ஒரு வரி தள்ளி அடுத்தவர் நுழைய,
ஒருவரை ஒருவர் துரத்தி
நாலு பேரும் வட்டம் சுற்ற வேணும்.

செயலாளர் சுகிர்தரட்ணம் மூக்குக்கண்ணாடி மாற்றி வாசித்தார்.
சிவப்பு மையில் ஒரு குறிப்பும் போட்டார்:
"பயனுள்ள கருத்து. பாண் விலையையும் சேர்க்கலாம்."
பாவம், இடமிருந்து வலமாக வாசிக்கிற மனுசன்.
பெர்னபாஸ் எழுதியிருந்தது மேலிருந்து கீழாக.

முன்னூறு வருசத்துக்கு முன்னம் லண்டன் தவறணைகளில்
கனவான்கள் இப்படித்தான் பாடினவையாம்,
பெண்சாதிமாரை வீட்டில் விட்டுவிட்டு.
எங்கட புலவர்மாரும் சொல்லை வெட்டி ஒட்டினவைதான்,
ஆனால் அங்கே கத்தியும் ஒன்று, வாயும் ஒன்று;
அகப்பட்டால் அகப்படுகிறதும் ஒருத்தர்.
இதில் நாலு வாய்.
ஒவ்வொன்றிலும் கால் வாசிப் பாவம்.

கச்சேரி அன்று பல் வைத்தியர் தயாபரி தொடங்கினா,
சங்கு போலச் சுத்தமான குரல்.
பிறகு நான், ஆல்ட்டோ, லீசிங் கம்பெனியில் கடன் வசூல்.
மூன்றாவது ஸியாத், தரை ஓடு விற்பவர்.
கடைசியாகப் பெர்னபாஸ், முகத்தில் ஞானஸ்நானக் களை.
முதல் சுற்றில் சனம் பாண் கணக்குப் பார்த்தது.
நாலு பேரும் உள்ளே வந்த பிறகுதான்
ஓய்வுக் குறிகள் வேலையைத் தொடங்கின.
வேண்டாத சொல்லெல்லாம் அடியில் முணுமுணுக்க
மேலே மிதந்து வந்தது

        ஒரு கட்டி
                லில்
                        இரண்டு பேர்
                                விடிய
        விடிய

கடைசி வரிசையில் யாரோ இருமினார்கள்.
சுற்று திரும்பியது. கட்டில் இப்போது ஸியாத்திடம்.
இருமல் சிரிப்பானது.
மருதானைப் பக்கம் போன றெயில் ஒன்று எங்களைக் காப்பாற்ற வந்து
கூவிவிட்டு, சரியாக லில்லுக்கு முன்னால் நிறுத்தியது.
முன் வரிசையில் திருமதி சுகிர்தரட்ணம்
சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்தபடி
தோள் குலுங்கக் குலுங்க.
அவர் அவவிடம் கேட்டார்: "என்னப்பா, பாண் பகிடியா?"

திங்கள் விசாரணை.
ஒவ்வொருத்தராய்க் கூப்பிட்டார்கள்.
தயாபரி பாடினா: சவர்க்காரம். ஸியாத் பாடினார்: சவர்க்காரம்.
நான் பாடினேன். குழுவில் ஒருவர் கொட்டாவி விட்டார்.
தனித்தனியே நாங்கள் அப்பட்டமான மளிகைச் சாமான்.
"அப்ப சேர்ந்து பாடுங்கோ" என்றார் செயலாளர்.
பாடினோம்.
மூன்றாம் சுற்றில் அவருடைய பேனை நின்றது.
நாலாம் சுற்றில் காது சிவந்தது.
ஐந்தாம் சுற்று தேவையில்லை, நாங்கள் நிறுத்தினோம்.
அவர் நிறுத்தச் சொல்லவில்லை.

தீர்மானம்: இனிமேல் எல்லாப் பாட்டும்
மேலிருந்து கீழாகவும் வாசிக்கப்படும்.
வாசிக்கும் பொறுப்பு திருமதிக்கு, ஏகமனதாக.

நூறாம் நம்பர் பஸ்ஸில் வெள்ளவத்தைக்குத் திரும்பினேன்.
மனதுக்குள் மற்ற மூன்று பேரும் பாடிக்கொண்டிருக்க
என் முறை வந்தபோது வாய் தன்பாட்டில் திறந்தது:
லில்.
கொஞ்சம் பொறுத்து, திரும்பவும், லில்.
பக்கத்துச் சீற்காரர் பரிவோடு பார்த்து
தண்ணிப் போத்தலை நீட்டினார்.
"விக்கலோ, தங்கச்சி?"
ஓம் என்று வாங்கிக் குடித்தேன்.